நானூற்றுப் பன்னிரண்டாம் அறைக்கு ஒரு கடிதம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் கடைவாய்ப் பல் என்ன ஆயிற்று? உன் வீட்டுத் தையல்காரியும் மகள் சின்னவளும் நலம்தானே?

பதினெட்டு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள் கடிதம் எழுதாமல் வேறென்ன செய்வாள் என்று நீ சிரிப்பாய். காரணம் அதுவல்ல. போன மாதம் பெரியப்பாவுக்கு என் குரலில் போன் வந்திருக்கிறது. "ஆஸ்பத்திரியில இருக்கேன் பெரியப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க, பணம் மட்டும் அனுப்புங்க" என்று நானே அழுதேனாம். அவரும் அனுப்பிவிட்டார். உறுப்பினரான பிறகு அவையில் நான் பேசியதெல்லாம் இணையத்தில் கிடக்கிறது அல்லவா, அதிலிருந்து என் குரலைச் செய்துகொண்டார்கள். அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பணம், வீடு, சிபாரிசு என்று எதையும் போனில் நானும் பேச மாட்டேன், என்னிடமும் யாரும் பேசாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பது யார் என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? எழுதுங்கள். என் கிறுக்கல் கையெழுத்தைப் போலச் செய்ய எவனாலும் முடியாது.

இப்போது விஷயம். நாங்கள் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்கிற எங்கள் கட்சிக் கொறடா, அடுத்த மாதக் கேள்வி நேரத்துக்கு எனக்கு மூன்று கேள்விகள் கொடுத்திருக்கிறார். ஒன்று இணைய மோசடி பற்றி. அதை நானே கேட்டு வாங்கினேன். இன்னொன்று வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியல் பற்றி. மூன்றாவது இது: "அகதிகள் தங்குமிடங்களுக்கு ஓராண்டில் செலவான தொகை எவ்வளவு? அந்த அறைகள் எப்போது காலி செய்யப்பட்டு, வீட்டுக்குக் காத்திருக்கும் குடிமக்களுக்கு வழங்கப்படும்?"

நீ அப்படி ஒரு கட்டடத்தைத்தான் பராமரிக்கிறாய். உள்ளே என்ன நடக்கிறது என்று உண்மையை எழுது. நீங்களும் எட்டு வருடமாக அந்தப் பட்டியலில் காத்திருப்பவர்கள்தானே. உங்களையும் நினைத்துத்தான் இதைக் கேட்கப் போகிறேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 17

மாண்புமிகு அக்காவுக்கு,

கடிதம் வந்தது. பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, இப்போது சிரித்தால் மட்டும்தான் தெரியும். தையல்காரி நலம். சின்னவள் இஸ்திரி மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். தையல் இயந்திரத்தை நகர்த்தினால்தான் பாய் விரிக்க முடியும் என்ற நிலைமை அப்படியே இருக்கிறது. சுவரில் ஊறும் ஈரம் இந்த வருடம் ஜன்னல் வரை ஏறிவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தக் கட்டடம் முன்பு ஓட்டலாக இருந்தது. ஏழு மாடி, நூற்றுப் பதினெட்டு அறை. எந்த அறையிலும் சமையலறை கிடையாது. உரிமையாளர் ஒரு தனியார். அரசாங்கம் அடுத்த வருடம் வரை குத்தகைக்கு எடுத்திருக்கிறது. குத்தகை முடிந்தால் அவர் மறுபடியும் ஓட்டல் நடத்துவாரே தவிர, யாருக்கும் வீடாகக் கொடுக்க மாட்டார். ஆகவே உன் மூன்றாவது கேள்வி இல்லாத ஊருக்கு வழி கேட்பது மாதிரி. அகதிகளை நாளைக்கே வெளியே அனுப்பினாலும் தையல்காரிக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடைக்காது.

செலவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் இப்படிக் கேள். ஐந்தாம் மாடியிலும் ஆறாம் மாடியிலும் குழாய் வெடித்து முப்பத்து நான்கு அறைகள் ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கின்றன. சாவி என்னிடம்தான் இருக்கிறது. பூட்டிய அறைகளுக்கும் சேர்த்துத்தான் அரசாங்கம் மாதாமாதம் வாடகை கட்டுகிறது. அது எந்த அகதியின் வயிற்றுக்குள்ளும் போகவில்லை.

இருப்பவர்களைப் பற்றியும் சொல்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு கடிகாரக்காரர், மனைவியோடு இருக்கிறார். இது அவர்களுக்கு நான்காவது தங்குமிடம். வரவேற்பறையில் செத்துக் கிடந்த சுவர்க் கடிகாரத்தை ஓட வைத்தார். அதிலிருந்து நான் தாமதமாக வருவது எல்லோருக்கும் தெரிகிறது.

என் பெயரை எங்கேயும் சொல்லிவிடாதே. எனக்குச் சம்பளம் கொடுப்பது ஒப்பந்தக்காரர். மூன்றாவது கேள்வியை மட்டும் அப்படிக் கேட்காதே, அக்கா.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வணக்கத்துடன்,

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கேட்டுவிட்டேன். மூன்றையும், கொறடா எழுதிக் கொடுத்தபடியே. உன் கடிதம் என் கோப்புக்குள்தான் இருந்தது. முந்தின நாள் அவரிடம் போய், மூன்றாவதைப் பூட்டிய அறைகள் பற்றியதாக மாற்றலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "முதல்ல ஜனங்களுக்குப் புரியற மாதிரி கேளுங்க, குழாய் வெடிச்ச கதையெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்றார். நான் முதல் முறை உறுப்பினர். வாதாடவில்லை.

இணைய மோசடி பற்றிக் கேட்டபோது பாதிப் பேர் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். மூன்றாவதைக் கேட்டதும் நம் பக்கம் முழுவதும் மேசையைத் தட்டியது. அமைச்சர் "பரிசீலிக்கப்படும்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டார். நான் கேட்கும் காட்சி மட்டும் தனியாக வெட்டப்பட்டு எல்லோர் போனிலும் சுற்றுகிறதாம். மாவுக் கடைக்காரர்கூட "நல்லா கேட்டீங்க" என்றார்.

உனக்கு வருத்தம் இருக்கும். பூட்டிய அறைகளை அடுத்த கூட்டத்தில் நிச்சயம் கேட்பேன். சின்னவளின் பரீட்சை எப்போது என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. வலது தோளில் கொஞ்சம் வீக்கம், அதனால் எழுத்து கோணலாக வருகிறது. சின்னவளின் பரீட்சை முடிந்தது.

போன சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் கட்டட வாசலில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. அப்புறம் ஆட்டோக்கள், தள்ளுவண்டி, நடந்து வந்தவர்கள். மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, பாத்திர மூட்டை. ஒருவர் தண்ணீரோடு மீன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். முகவரி மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, கதவைப் பூட்டிவிட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று விசாரித்தேன்.

முப்பத்தோரு குடும்பம். ஒவ்வொருவர் கையிலும் ஒதுக்கீட்டுக் கடிதம். அறை எண், குடியேறும் தேதி, அதிகாரியின் கையெழுத்து, எல்லாம் இருந்தது. முத்திரை அசலைவிட அழகாக இருந்தது. இணையத்தில் ஒரு பக்கம், அக்கா. "அகதிகள் தங்குமிடங்கள் காலியாகின்றன, முன்பதிவுக் கட்டணம் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்" என்று போட்டு, அதற்கு மேலே உன் முகம். நீ அவையில் நின்று அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கிறாய். அது பொய்யாகச் செய்த குரல் இல்லை. நீ கேட்டதேதான்.

ஒருவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இந்த அம்மா அவையிலேயே கேட்டுட்டாங்க. நீ யாரு தடுக்க?" என்றார். இந்த அம்மா எனக்கு யார் என்று நான் சொல்லவில்லை.

"இந்தக் காகிதம் செல்லாதுங்க, உங்களை ஏமாத்தியிருக்காங்க" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் இருப்பவர் காகிதம் செல்லாது என்றால் நம்புகிறார்கள். தன்னுடையது மட்டும் அசல் என்று நினைக்கிறார்கள். முன்னால் ஒரு பெண் நின்றாள். அவள் காகிதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. அவளிடம் அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை.

பிறகு தள்ளுமுள்ளு. கதவின் கீல் வளைந்தது. தோள் அப்போது பட்டதுதான். போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் கடிகாரக்காரர் படி இறங்கி வந்தார். ஒரு கையில் கட்டிய பை, பின்னால் அவர் மனைவி. பத்து நிமிடத்தில் மூட்டை கட்டியிருக்கிறார்கள். கூச்சலைக் கேட்டதும் அவர்களுக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். அறைச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "நாங்க எந்த வண்டியில ஏறணும்?" என்று கேட்டார். நம் மொழியை அவர் இன்னும் எண்ணி எண்ணித்தான் பேசுவார். சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்து, மேலே போகச் சொன்னேன். கம்பிக்கு வெளியே இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் தள்ளவில்லை.

மதியத்துக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதினேன். குறை சொல்ல இல்லை.

தம்பி


ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் தோள் எப்படி இருக்கிறது? வீக்கம் என்று மட்டும் எழுதினால் நான் விட்டுவிடுவேனா? படம் எடுத்துப் பார்த்தாயா? மூன்று முறை போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். நானே போட்ட விதி என் கையைக் கட்டுகிறது.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன். குறை சொல்ல இல்லை என்று எழுதியிருக்கிறாய். சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளே இணையக் குற்றப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி அந்தப் பக்கத்தை என் கண் முன்னாலேயே திறந்து காட்டினார். என் முகத்துக்குக் கீழே கட்டணம் செலுத்தும் பொத்தான். ஏமாந்தவர்கள் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் பணம் போன கணக்குகளை முடக்க முடியுமாம். அன்று வந்தவர்களின் விவரம் உன் வாசல் பதிவேட்டில் இருக்கும். அவர்களைப் புகார் கொடுக்கச் சொல். குறிப்பாக அந்த 412 பெண்ணை எனக்கு எழுதச் சொல். அவள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

கொறடாவிடம் சொன்னேன். "எவனோ உங்க படத்தைப் போட்டுத் திருடினான், அதுக்கு நீங்க எப்படிப் பொறுப்பு? கிளறாதீங்க" என்றார். சட்டப்படி அவர் சொல்வது சரி.

இன்னொன்று. போன கடிதத்தில் தையல்காரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

படம் எடுத்தேன். எலும்பு பத்திரம். எல்லோரும் நலம்.

இதுவரை ஒன்பது பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் வெட்கப்படுகிறார்கள். ஒருவர் வீட்டில் மனைவிக்கே சொல்லவில்லை, இன்னொருவர் தான் அன்று அங்கே வரவே இல்லை என்கிறார். அவருடைய மெத்தையைத் திரும்ப வண்டியில் ஏற்ற நான்தான் கை கொடுத்தேன்.

ஒப்பந்தக்காரர் என்னைக் கூப்பிட்டு, பூட்டிய அறைகளைப் பற்றி யாரிடமாவது பேசினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதினாயா என்று அவர் கேட்கவில்லை.

412 பெண் எழுத மாட்டாள். அவளை விட்டுவிடு.

தம்பி


மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முழங்கால் தேவலையா? எங்களில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதல் தடவையாக உங்களுக்கு எழுதுகிறேன். துணியில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுப் பழகிய கை, அதனால் எழுத்து பெரிதாக இருக்கும்.

நீங்கள் இவருக்கு எழுதியதை நேற்று பார்த்தேன். பதிவேட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். 412 பெண் எழுதட்டும், திட்டினாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பெண் நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை என் வாடிக்கைக்காரி ஒருத்தி காட்டினாள். வேறு யார் முகமாக இருந்தாலும் நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். என் நாத்தனாரே கேட்கிறார், அதுவும் எங்களுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை விசாரிக்கலாம் என்று உங்களுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். வீடு என்ற சொல்லைக் கேட்டதுமே உங்கள் உதவியாளர், எழுதி அனுப்புங்கள் என்று வைத்துவிட்டார். கடிதம் போய்ச் சேர மூன்று நாள். அவர்கள் கொடுத்தது நாற்பத்தெட்டு மணி நேரம். இரண்டாவது இயந்திரம் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததைக் கட்டிவிட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. அந்தக் கட்டடம் ஒருநாளும் வீடாகாது என்று இவர் பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போதெல்லாம் கோபம்தான் வரும். அங்கே இருப்பவர்களின் குழாயைப் பற்றிப் பேசுகிறவர் நம் சுவரைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறாரே என்று. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த அறையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எங்கே போவார்கள் என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை இயந்திரத்தின் தலையைக் கழற்றிப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனேன். சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். நான் உள்ளே போய் நின்றதும் இவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இவர் என் காகிதத்தை வாங்கிப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில், "இந்தக் காகிதம் செல்லாதும்மா" என்றார். கட்டிய மனைவியை அம்மா என்று. கதவைப் பூட்டியவரின் மனைவி என்று தெரிந்தால் கூட்டம் என்னை என்ன செய்திருக்குமோ, அவரை என்ன செய்திருக்குமோ. அது எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து இயந்திரத்தை மறுபடி பூட்டியபோது புரிந்தது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறோம்.

அந்தப் பெரியவர் சாவியை நீட்டியதை நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். அவர் கொடுத்தது என் அறைச் சாவி. அதற்கப்புறம் எனக்கு அந்த அறை வேண்டாம்.

நாளை புகார் கொடுக்கப் போகிறேன். வராத மற்றவர்களில் நான்கு பேர் என்னிடம் துணி தைப்பவர்கள். அளவெடுக்கும்போது எல்லோரும் உண்மை பேசுவார்கள். அவர்களை நான் கூட்டி வருகிறேன். இவர் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று உங்களிடம் மறைத்தார். நீங்கள் அப்படி யாரையும் காப்பாற்ற வேண்டாம், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்காரி


மே 9

அன்புள்ள தையல்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் நலமும் சின்னவளின் நலமும் அறிந்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத மூன்று தாளை வீணாக்கினேன். எப்படி எழுதினாலும் அதில் ஒரு "ஆனால்" வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தத் தாளில் இல்லை. உன் புருஷன் எழுதி எச்சரித்தும், பொய்யென்று தெரிந்த கேள்வியை நான் கேட்டேன். உன் பணம் அதனால்தான் போனது.

புதிய கேள்விக்கு நோட்டீஸ் கொடுத்தேன். கொறடா பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் எந்த உறுப்பினரும் தன் நடத்தை பற்றித் தன்னிலை விளக்கம் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதற்குக் கட்சியின் அனுமதி தேவையில்லை, அவைத் தலைவர் ஒப்புக்கொண்டால் போதும். மே 28 அன்று எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்.

ஏமாந்தவர்களில் என் தம்பி மனைவியும் ஒருத்தி என்று நான் சொல்லலாமா? நீ வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். தம்பியிடமும் கேட்டு எழுது. அவன் வேலையும் இதில் இருக்கிறது.

அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். சொல்லுங்கள். இவரிடம் கேட்டேன். முப்பத்து நான்கு அறைகளின் எண்களையும் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே தன் பெயரையும் போட்டிருக்கிறார்.

புகார் இன்றைக்கு இருபத்தாறு. மீன் தொட்டிக்காரரும் வந்துவிட்டார்.

தையல்காரி


ஜூன் 11

அன்புள்ள உங்கள் இருவருக்கும்,

நான் நலம். செய்தித்தாளில் பாதிதான் வந்தது, மீதியை நான் சொல்கிறேன்.

மூன்று நிமிடத்துக்கு எழுந்தேன். "மார்ச் மாதம் நான் கேட்ட மூன்றாவது கேள்வி தவறானது. அந்த அறைகளை யாருக்கும் வீடாகக் கொடுக்க முடியாது என்று கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். கைதட்டலுக்காகக் கேட்டேன். அதை வைத்து முப்பத்தோரு குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி என் தம்பியின் மனைவி" என்றேன். எங்கள் பக்கத்திலிருந்தே "உட்காருங்க" என்று குரல்கள் வந்தன. எதிர்ப்பக்கம் சிரித்தது. தம்பி கொடுத்த அறை எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். ஐந்நூற்று மூன்று, ஐந்நூற்று நான்கு என்று போய்க்கொண்டே இருந்தபோது சிரிப்பு அடங்கியது. முப்பத்து நான்கையும் படித்து முடிக்க மூன்று நிமிடம் போதவில்லை. அவைத் தலைவர் மணியில் கை வைத்தவர், அடிக்காமல் இருந்தார்.

அவைக் குறிப்பில் ஏறிவிட்டதால் அமைச்சரால் தப்பிக்க முடியவில்லை. பூட்டிய அறைகளுக்குப் பதினாறு மாதம் வாடகை போயிருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். குழாயைச் சரிசெய்யச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது. மோசடியில், தங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட இரண்டு பேர் பிடிபட்டார்கள். கணக்கில் மிச்சம் இருந்ததைப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு திரும்பலாம். பின்னால் இருப்பவன் அகப்படவில்லை. வேறு பெயரில் வேறு பக்கம் திறந்துவிட்டான், வேறொரு உறுப்பினரின் முகத்தோடு. அவருக்கு நான் நேற்று எழுதினேன்.

என்னை வீட்டுவசதிக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருக்கையும் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. தூண் மறைக்கிறது. ஒலிவாங்கி வேலை செய்கிறது.

இன்னொரு விஷயம். திங்கட்கிழமை வீட்டுவசதி அமைச்சரின் செயலர் என் அறைக்கு வந்து ஓர் உறை கொடுத்தார். "பாவம், உங்க குடும்பத்துக்கும் நஷ்டம் ஆயிடுச்சு. அமைச்சரே பார்த்துச் செஞ்சிருக்கார்" என்றார். சிறப்பு ஒதுக்கீடு. இரண்டு படுக்கையறை, புதுக் கட்டடம், உங்கள் பெயருக்கு. முத்திரையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன், இது அசல். உங்களுக்கு வந்த உறையை நான் வைத்துக்கொள்வது முறையில்லை, அதனால் இத்துடன் அனுப்புகிறேன். என் அபிப்பிராயத்தை எழுத மாட்டேன். எட்டு வருடம் ஈரச் சுவரோடு இருந்தது நானில்லை.

சின்னவளுக்கு என் முத்தம்.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பதிலுக்கு நீ காத்திருந்திருப்பாய். மூன்று வாரம் அந்த உறை இஸ்திரி மேசையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் போய் அந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டும் வந்தோம். சின்னவள் எந்த ஜன்னல் தன்னுடையது என்று தேர்ந்தெடுத்துவிட்டாள். நல்ல வீடு, அக்கா. பொய் சொல்ல மாட்டேன்.

ஒப்பந்தக்காரர் என்னை நிறுத்திவிட்டார். ஆனால் அங்கே லிஃப்ட் நின்றால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறேன், கூலி வாங்கிக்கொள்கிறேன். இப்போது மூன்று கட்டடங்களுக்குக் குழாய் வேலை பார்க்கிறேன். தோள் ஒத்துழைக்கிறது. கடிகாரக்காரரின் பை இன்னும் பிரிக்கப்படாமல் கதவோரம்தான் இருக்கிறது. போன வாரம் தையல்காரி அங்கே போய்த் தான் யார் என்று அவர்களிடம் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் லிஃப்டுக்குள் இருந்தேன். திரும்பும்போது அந்த அம்மாளின் கோட்டு ஒன்று இவள் கையில் இருந்தது, உள்துணி மாற்றித் தர.

நாங்கள் இப்போது அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் பேசுகிறோம். முதலில் சண்டையாகத்தான் பேசினோம்.

முடிவு அவளுடையது. நானும் ஒப்புக்கொண்டேன். மீதியை அவளே எழுதுகிறாள்.

தம்பி

அண்ணி, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உறையைத் திருப்பி அனுப்புகிறேன். நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அழுதுகொண்டுதான் ஒட்டினேன். எங்களுக்கு முன்னால் பட்டியலில் நிற்கிறவர்களில் பதினோரு பேரின் முகம் எனக்குத் தெரியும். அந்த வீட்டு ஜன்னலில் நின்றால் அவர்கள் தெருவில் போவது தெரியும்.

ஆனால் சும்மா திருப்பிக் கொடுத்தால், வேறொரு உறுப்பினரின் தம்பி வாங்கிக்கொள்வார். அதனால் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். அவையின் படிவம் எப்படி இருக்கும் என்று உங்கள் பழைய நோட்டீசைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"வீட்டுவசதி அமைச்சர் தெரிவிப்பாரா:

(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் காத்திருப்போர் பட்டியலைத் தாண்டி எத்தனை வீடுகள் ஒதுக்கப்பட்டன;

(ஆ) அவை யார் யாருக்கு, யாருடைய சிபாரிசில் ஒதுக்கப்பட்டன;

(இ) இன்று திருப்பி அளிக்கப்படும் இந்த ஒரு வீடு, பட்டியலில் முதலாவதாக இருப்பவருக்கு எந்தத் தேதியில் வழங்கப்படும்?"

தேதியைச் சொல்லும் வரை உட்காராதீர்கள். கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.